கார்டினரில் எடுத்த படம்

பகலில் பிள்ளைகளைப் பார்க்கிற அந்த டேகெயாரில் படம் எடுக்கிற வேலையை யாரும் கிளடிஸிடம் கொடுக்கவில்லை. அது தானாகவே அவள் தலையில் வந்து ஏறியது. கனடாவில், யூனியன்வில்லில், மூன்று வயதுப் பிள்ளைகளின் அறையில் அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், நோவா என்றொரு பொடியன் முதல் நாள் வாசலில் தாயின் காலைக் கட்டிக்கொண்டு குழறி அழுதான். அதே பொடியன் மத்தியானம் இரண்டு கையிலும் பச்சை வர்ணத்தை அப்பிக்கொண்டு சிரித்தான். தாய் அலுவலகத்தில் தவித்துக்கொண்டிருப்பாளே என்று கிளடிஸ் ஒரு படம் எடுத்து அனுப்பினாள். அவ்வளவுதான். ஹெதர் என்ற அந்தத் தாய் மற்றத் தாய்மாருக்குச் சொல்ல, எல்லோரும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நிர்வாகி மொரீன் டேகெயாரின் பெயரில் பேஸ்புக்கில் ஒரு பக்கம் திறந்து அதன் பொறுப்பைக் கிளடிஸிடம் விட்டுவிட்டாள்.

அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பனிச்சப்பாத்தை வலம் இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்கிற பிள்ளை, பாணின் கரையை மட்டும் தின்றுவிட்டு நடுவை வைக்கிற பிள்ளை, மத்தியான நித்திரையில் பக்கத்துப் படுக்கைக்காரியின் விரலைப் பிடித்திருக்கிற பிள்ளை. ஒவ்வொரு படத்தின் கீழும் தாய்மார் ஓடிவந்து எழுதினார்கள். "நீ இல்லாவிட்டால் எங்கள் பகல்கள் எப்படிக் கழியும் கிளடிஸ்" என்று ஹெதர் ஒருமுறை எழுதியிருந்தாள். கிளடிஸ் அதைக் கணவன் சச்சிதானந்தனைக் கூப்பிட்டுக் காட்டினாள். "பாருங்கோப்பா, சம்பளம் கூட்டித் தராட்டிலும் வாய் நிறையச் சொல்லுதுகள்."

அவளுடைய சொந்தப் பக்கத்திலும் அதே மாதிரித்தான். மில்லிக்கனில் அவர்கள் வாங்கிய வரிசை வீட்டின் பின்பக்கத்துத் தக்காளிக் கன்று, மகள் லக்சிகாவின் விழுந்த முன்பல், நத்தாருக்குப் போட்ட கேக். பார்க்க ஆட்கள் இருந்தார்கள். பார்க்க வேண்டிய ஒருத்தி மட்டும் அங்கே இல்லை. தங்கை கிறிஸ்ரினா கிளிநொச்சியில் ஒரு வாத்தியாரைக் கட்டி அங்கேயே இருந்துவிட்டாள். அவளுக்கு மூன்று வயதில் ஒரு மகன், பெயர் அன்ரன். கிளடிஸ் அவனைப் படத்தில் மட்டும் கண்டிருந்தாள். இரண்டு வயதில் எடுத்த ஒரேயொரு படம்.

இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம் கிளிநொச்சி இராணுவத்திடம் விழுந்தது. அதன் பிறகு தங்கையின் குடும்பம் சனத்தோடு சனமாக நகர்ந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு ஊர்ப் பெயரும் கடலுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டவாக இருந்தது. பெரிய வெள்ளி கழிந்த கையோடு ஒரு நாள், ஒரு பாதிரியாரின் செய்மதித் தொலைபேசியிலிருந்து கிறிஸ்ரினா எடுத்தாள்.

"அக்கா, கனக்கக் கதைக்கேலாது. பின்னாலை ஆக்கள் நிக்கினம்."

"அன்ரன் தம்பிக்குச் சாப்பாடு?"

"கஞ்சி குடுக்கினம். அது பரவாயில்லை. அக்கா, நீங்கள் அங்கை ஆரிட்டையாவது சொல்லுங்கோவன்."

"சொல்லிக்கொண்டுதானே இருக்கிறம், கிறிஸ்ரினா."

"பெரிய ஆக்களிட்டைச் சொல்லுங்கோ."

இணைப்பு அறுந்தது. கிளடிஸ் கைபேசியை வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றாள். கனடாவில் அவளுக்குத் தெரிந்த பெரிய ஆள் மொரீன்தான். அடுத்த நாள் வேலைக்குப் போனதும் மொரீனிடம் சொன்னாள். மொரீன் உண்மையாகவே கண் கலங்கினாள். கிளடிஸைக் கட்டிப்பிடித்து, அன்றைக்கு வேண்டுமானால் நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம் என்றாள்.

போய் என்ன செய்வது? கிளடிஸ் நேரத்தோடு வெளிக்கிட்டு, சப்வே பிடித்து, யூனிவேர்சிற்றி அவெனியூவில் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு முன்னால் போரை நிறுத்தச் சொல்லி நின்ற தமிழ்ச் சனத்தோடு போய் நின்றாள். அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. பக்கத்து வாசல் மங்கையற்கரசியும் அவளும் ஒன்றாகப் போவார்கள். மங்கை அக்கா அவளைவிடப் பத்து வயது மூப்பு. புருசன் இல்லை. ஒரு சகோதரனின் குடும்பம் முழுக்க அந்தக் கடற்கரையில் நின்றது. வங்கியில் வேலை செய்கிறவள், யாரோடும் சத்தமாகக் கதைக்காதவள். தெருவில் நின்று கத்தியதில் அவளுக்குக் குரல் கட்டிப்போயிருந்தது.

வைகாசி பத்தாம் திகதி ஞாயிற்றுக்கிழமை, அன்னையர் தினம். லக்சிகா பள்ளிக்கூடத்தில் செய்த காகிதப் பூவைக் காலையில் கட்டிலுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். கிளடிஸ் அதை வாங்கி முத்தம் கொடுத்துவிட்டுக் கணினியைத் திறந்தாள். முதல் நாள் இரவு முழுக்க அந்தச் சின்னக் கரைத்துண்டில் எறிகணை விழுந்திருந்தது. மரத்துக்குக் கீழே வரிசையாகக் கிடத்தியிருந்த பிள்ளைகளின் படங்களை யாரோ ஏற்றியிருந்தார்கள். அவள் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். அன்ரனுக்கு இடது புருவத்துக்கு மேல் ஒரு மச்சம். அதைத்தான் தேடினாள். தேடுகிறோம் என்பது ஒரு வேதனை, மச்சம் இல்லாத முகத்தைக் கண்டபோது மூச்சு ஆறுகிறதே என்பது இன்னொரு வேதனை.

மங்கை அக்கா வாசலில் வந்து ஹோர்ன் அடித்தாள். சச்சிக்கு அன்று ஒஷாவாவில் பின்னேர வேலை. கார் உதிரிப்பாகம் செய்கிற தொழிற்சாலை, ஆட்களைக் குறைத்துக்கொண்டு வந்த நேரம், லீவு கேட்க முடியாது. பிள்ளையை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை. கிளடிஸ் லக்சிகாவுக்கு ஜக்கெற்றைப் போட்டுக் கூட்டிக்கொண்டு போனாள். பிறகு அவளைப் பற்றி எழுதியவர்கள் எவருக்கும் இந்தக் காரணம் தெரியாது, தெரிந்திருந்தாலும் எழுத்தில் ஒரு மாற்றமும் வந்திராது.

ஹைவேக்கு ஏறுவதாக அவள் நினைத்துப் போகவில்லை. பின்னேரம் நகரத்துக்குள் நின்ற கூட்டம் ஒரு தருணத்தில் தெற்கே திரும்பி நடக்கத் தொடங்கியது. யார் சொன்னது என்று யாருக்கும் தெரியவில்லை. ஸ்பாடைனாவில் கார்கள் ஏறுகிற சரிவில் சனம் ஏறியது. மங்கை அக்கா கிளடிஸின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, பிள்ளையோடை நான் என்னெண்டு?"

"அங்கையும் பிள்ளையள்தானே, கிளடிஸ்."

அதற்குப் பிறகு கேட்க ஒன்றும் இருக்கவில்லை. கிளடிஸ் ஏறினாள்.

காரில் மட்டும் போய்ப் பழகிய கார்டினர் என்ற அந்த ஹைவே காலுக்குக் கீழே கரடுமுரடாக இருந்தது. ஏரிக்காற்று குளிர்ந்து அடித்தது. இரண்டு பக்கமும் வாகனங்கள் நின்றுவிட்டன. தாய்மாரைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போன ஆட்கள், பின் இருக்கையில் பூங்கொத்துகள். ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்ணாடியை இறக்கி, "என் அம்மா மருத்துவமனையில் எனக்காகக் காத்திருக்கிறாள், நான் என்ன செய்ய?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கிளடிஸ் அருகே போய் ஆங்கிலத்தில் "சொறி" என்றாள். "என்னுடைய தங்கை..." என்று தொடங்கினாள். கண்ணாடி ஏறிவிட்டது.

சனம் தார் வீதியில் உட்கார்ந்தது. பொலிஸ் சைக்கிள்களை வரிசையாக நிறுத்திக்கொண்டு நின்றது. லக்சிகா கால் நோகிறது என்றாள். கிளடிஸ் அவளைத் தூக்கித் தோளில் இருத்தினாள். யாரோ ஒரு இளம் பெட்டை லக்சிகாவின் கையில் ஒரு பதாகையைக் கொடுத்தாள், கொலையை நிறுத்து என்று ஆங்கிலத்தில் எழுதியது. கிளடிஸ் எல்லோரோடும் சேர்ந்து கத்தினாள். வாய் முழுக்கத் திறந்து, கண் சுருங்கி, கழுத்து நரம்பு புடைக்க. அந்த நேரத்தில்தான் படம் பிடித்தவன் பிடித்திருக்க வேண்டும். அவள் அவனைக் காணவில்லை.

இருட்டுகிற நேரம் லக்சிகா நித்திரையாகிவிட, மங்கை அக்காவை அங்கே விட்டுவிட்டு அவள் பிள்ளையைச் சுமந்துகொண்டு இறங்கி வந்தாள். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஏதோ செய்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி இருந்தது. நெடுநாளைக்குப் பிறகு அன்றைக்குச் சோறு இறங்கியது.

திங்கட்கிழமை காலை ஒரு பத்திரிகையின் இணையப் பக்கத்தில் அந்தப் படம் வந்திருந்தது. தோளில் பிள்ளை, பிள்ளையின் கையில் பதாகை, கீழே அவளுடைய திறந்த வாய். அவளுக்கே தன்னை அடையாளம் தெரிய ஒரு கணம் எடுத்தது. படத்துக்குக் கீழே நூற்றுக்கணக்கில் கொமென்ற்கள். அவள் வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்து வாசித்தாள். என்ன தாய் இவள். பிள்ளைகளை முன்னுக்கு விட்டுப் பின்னால் ஒளிகிற புத்தியை இங்கேயும் கொண்டுவந்திருக்கிறார்கள். பிள்ளைகள் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு அறிவியுங்கள். அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புங்கள். நல்லவர்களும் எழுதியிருந்தார்கள், அவர்கள் பிரச்சினை எனக்கு விளங்குகிறது, ஆனால், என்று. அந்த 'ஆனால்' வரைக்கும் வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். எங்காவது ஒருவராவது அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டிருக்கிறாரா என்று பார்த்தாள். பஸ் வந்து சேர்ந்துவிட்டது.

அன்று மத்தியானம் அவள் வழக்கம்போல ஒரு படம் ஏற்றினாள். பிள்ளைகள் கடதாசிக் கோப்பைகளில் பயற்றங்கொட்டை நடுகிற படம். சற்று நேரத்தில் அதன் கீழே ஹெதர் அந்தப் பத்திரிகைப் படத்தைக் கொண்டுவந்து ஒட்டியிருந்தாள். "இது எங்கள் கிளடிஸா?" என்று மட்டும் கேட்டிருந்தாள்.

அதற்குக் கீழே இன்னொரு தாய்: "தன் பிள்ளையை ஹைவேயில் கொண்டுபோய் நிறுத்துகிறவளிடம் நான் என் பிள்ளையை விடுகிறேன் என்பதை நம்ப முடியவில்லை." ஒரு தகப்பன்: "நேற்று என் மாமியார் இரண்டு மணித்தியாலம் அந்த வீதியில் அடைபட்டிருந்தாள். நன்றி கிளடிஸ்." இன்னொருவர்: "இவர்களுக்கும் பயங்கரவாதிகளுக்கும் தொடர்பு உண்டா என்று மொரீன் விசாரித்துத்தான் வேலைக்கு எடுத்தாரா?" காலையில் வாசித்தவை முகம் தெரியாதவர்கள் எழுதியவை. இவர்கள் அப்படியல்ல. இவர்களுடைய பிள்ளைகளுக்கு எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது, எந்தப் பிள்ளை பொம்மை இல்லாமல் உறங்காது என்று அவளுக்குத் தெரியும். பயங்கரவாதி என்று எழுதியவரின் மகள் அந்த நேரம் அவளுடைய மடியில் தலை வைத்துக் கிடந்தாள், காய்ச்சல் வரும்போல இருக்கிறதென்று.

பதில் எழுதப் பார்த்தாள். 'என் தங்கை அங்கே இருக்கிறாள்' என்று தொடங்கினாள். அது இரங்கச் சொல்லிக் கேட்கிற மாதிரி இருந்தது. அழித்தாள். 'அன்றைக்குப் பிள்ளையைப் பார்க்க ஆள் இருக்கவில்லை' என்று எழுதினாள். அது குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி இருந்தது. அதையும் அழித்தாள். தமிழில் வாய்க்குள் வந்தது வேறு. அதை எழுதத் தெரிந்தாலும் யார் வாசிப்பது?

மொரீன் அலுவலக அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"எனக்கு உன்னைத் தெரியும், கிளடிஸ். இதை நான் சொல்லத் தேவையில்லை."

"என்னை வேலையால் நிற்பாட்டுகிறீர்களா?"

"இல்லை இல்லை. கொஞ்ச நாள் வீட்டில் இரு. பெற்றோர் ஆறட்டும். உனக்கும் ஓய்வு தேவைதானே."

மொரீனுக்கும் பயம். மூன்று குடும்பங்கள் பிள்ளைகளை எடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தன. கிளடிஸுக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

பை எடுக்கச் சமையலறை வழியாகப் போனபோது ஜோய்ஸ் மேசையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். ஜமெய்க்காவிலிருந்து வந்தவள், டேகெயாரில் சமையல் அவள்தான்.

"வாசித்தேன்," என்றாள் ஜோய்ஸ். "தொண்ணூற்றிரண்டில் நானும் யங் வீதியில் நடந்தவள். பொலிஸ் சுட்டு எங்கள் பொடியன் ஒருவன் செத்துப்போனான் என்று. கடைக் கண்ணாடி உடைந்தது. அதற்குப் பிறகு இந்த நகரம் மாசக்கணக்கில் கண்ணாடியைப் பற்றித்தான் பேசியது."

கிளடிஸ் தலையாட்டினாள்.

"அந்தப் பக்கத்தில் உனக்காக ஏதாவது எழுத வேண்டும் என்று காலையிலிருந்து நினைக்கிறேன்," என்றாள் ஜோய்ஸ். துணியைப் பிழிந்தாள். "எழுதமாட்டேன், கிளடிஸ். எனக்கு இந்த வேலை வேண்டும்."

"ஓகே, ஜோய்ஸ்."

"ஓகே இல்லை," என்றாள் ஜோய்ஸ். பிறகு ஒரு டப்பாவில் பிள்ளைகளுக்குச் செய்த மக்கரோனியைப் போட்டுக் கையில் கொடுத்தாள்.

வீட்டில் இருந்த அந்தக் கிழமை முழுக்கக் கிளடிஸ் கணினியை விட்டு எழும்பவில்லை. ஒரு ஜன்னலில் தங்கை நின்ற வன்னியிலிருந்து வருகிற படங்கள், இன்னொரு ஜன்னலில் டேகெயார் பக்கம். வன்னிப் படங்கள் குறையாமல் ஏறிக்கொண்டிருந்தன. டேகெயார் பக்கத்துக்கு இப்போது வேறு யாரோ படம் எடுத்தார்கள், பிள்ளைகளின் தலை பாதி வெட்டுப்பட்டு. பயறு முளைத்திருந்தது. ஒரு நாள் வன்னியிலிருந்து வருகிற படங்கள் நின்றுபோயின. அங்கே இருந்த கடைசி ஆஸ்பத்திரியும் வேலை செய்யவில்லை என்று எழுதியிருந்தார்கள். படம் வந்தபோது பார்க்கப் பயந்தவள், வராமல் விட்டதும் பக்கத்தைத் திருப்பித் திருப்பித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

லக்சிகா பள்ளிக்கூடத்தால் வந்து கேட்டாள். "அம்மா, நாங்கள் ஹைவேயிலை இருந்தனாங்கள், றைற்? சித்திக்கு ஹெல்ப் வந்திட்டுதா?"

"வரும் பிள்ளை."

"வென்?"

"கையைக் கழுவிப்போட்டு வாங்கோ, சாப்பிடுவம்."

சனிக்கிழமை மொரீன் எடுத்தாள். குரலில் ஒரு தெளிவு இருந்தது. பெற்றோரோடு கதைத்துவிட்டாளாம். ஹெதரே சொன்னாளாம், பிள்ளைகள் கிளடிஸைத் தேடுகிறார்கள் என்று. அந்தப் பக்கத்தில் கிளடிஸ் இரண்டு வரி எழுதினால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். கஷ்டப்பட வேண்டாம் என்று மொரீனே எழுதி அனுப்பியிருந்தாள். 'ஞாயிற்றுக்கிழமை நடந்ததில் எங்கள் குடும்பங்களுக்கு ஏற்பட்ட மனவருத்தத்துக்காக நான் வருந்துகிறேன். பிள்ளைகளின் பாதுகாப்பே எனக்கு முதன்மையானது.'

சச்சி சாப்பாட்டு மேசையில் இருந்து அதை இரண்டு தரம் வாசித்தான். தொழிற்சாலையில் அவனுடைய பகுதியை ஆடி மாதத்தோடு மூடுவதாக அந்தக் கிழமைதான் சொல்லியிருந்தார்கள்.

"இதிலை நான் என்ன பிழை செய்தனான் எண்டு எழுதுறது?" கிளடிஸ் கேட்டாள்.

"பிழை செய்தனான் எண்டு இதிலை இல்லையப்பா. மனவருத்தத்துக்கு வருந்துறன் எண்டுதான் கிடக்கு."

"ஆரின்ரை மனவருத்தம்?"

சச்சி எழும்பிச் சாப்பிட்ட கோப்பையைக் கழுவினான். பிறகு, "நீர் எழுதவேண்டாமெண்டா எழுதவேண்டாம். நான் ஒண்டும் சொல்லமாட்டன்," என்றான். அவன் ஒன்றும் சொல்லாததுதான் கிளடிஸுக்குப் பாரமாக இருந்தது. அன்றும் அடுத்த நாளும் அவள் எழுதவில்லை.

திங்கட்கிழமை விக்டோரியா நாள், ஊருக்கு விடுமுறை. காலையிலேயே செய்தி வந்துவிட்டது. எல்லாம் முடிந்தது. தமிழ் வானொலியில் ஒருவர் கதைக்கத் தொடங்கி, கதைக்க முடியாமல், வெறும் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. மங்கை அக்காவின் கதவு அன்று முழுக்கத் திறக்கவில்லை. கிளடிஸ் இரண்டு முறை போய்த் தட்டினாள். உள்ளே டிவி ஓடுகிற சத்தம் கேட்டது, ஆள் வரவில்லை.

பொழுதுபட்டதும் விடுமுறைக்கு எல்லோரும் வெடி கொளுத்தத் தொடங்கினார்கள். மில்லிக்கன் முழுக்க, வீட்டு முற்றங்களிலும் பார்க்கிலும், ஒன்று மாறி ஒன்று. லக்சிகா ஜன்னலுக்கு ஓடினாள். "அப்பா, பயர்வேர்க்ஸ் தொடங்கீட்டுது. கேன் வீ கோ?" சச்சி மனைவியைப் பார்த்தான். கிளடிஸ் தலையை அசைத்தாள். அவன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே போனான்.

அவள் தனியே இருந்தாள். ஒவ்வொரு வெடிக்கும் கண்ணாடி அதிர்ந்தது. இனி யாருக்காக, எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? நின்றவர்களால் என்ன நடந்தது? அவள் மொரீன் அனுப்பியதை அப்படியே எடுத்து, ஒரு சொல்லும் மாற்றாமல், டேகெயார் பக்கத்தில் தன் பெயரில் ஒட்டினாள்.

பத்து நிமிடத்துக்குள் வந்துவிட்டார்கள். லைக், லைக், லைக். "இதை எழுதத் துணிச்சல் வேண்டும்," என்று அந்த மாமியாரின் மருமகன். ஹெதர் எழுதினாள்: "நன்றி கிளடிஸ். நோவா தினமும் உன்னைக் கேட்கிறான். நல்ல விடுமுறையாக இருக்கட்டும்." கிளடிஸ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஹெதர் உண்மையாகவே அன்போடுதான் எழுதியிருந்தாள்.

அது எல்லோருக்கும் திறந்த பக்கம் என்பதை அவள் யோசிக்கவில்லை. யாரோ ஒரு தமிழ்ப் பொடியன் கண்டு எடுத்துத் தன் பக்கத்தில் போட்டுவிட்டான். பத்திரிகைப் படம் ஒரு பக்கம், மன்னிப்பு ஒரு பக்கம். 'எங்கள் சனம் முடிந்த நாளில் வெள்ளைக்காரனிடம் மன்னிப்புக் கேட்ட வீரத்தாய்.' விடிவதற்குள் அதன் கீழும் நூறு பேர் எழுதியிருந்தார்கள், இந்தமுறை தமிழில். அவளுக்கு நன்றாக விளங்குகிற சொற்கள். தெருவில் பக்கத்தில் நின்று கத்தியவர்கள் சிலரும் அதில் இருந்தார்கள்.

மங்கை அக்கா அங்கே ஒன்றும் எழுதவில்லை. அடுத்த நாள் காலை வாசலில் நேரே கண்டபோது, கட்டிய குரலில், "நீர் ஒருநாள் பொறுத்திருக்கலாம் கிளடிஸ்," என்றாள். "ஒரு நாள்." காரில் ஏறிப் போய்விட்டாள்.

கிளடிஸ் வேலைக்குத் திரும்பினாள். பிள்ளைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டார்கள். மொரீன் பூ வாங்கி வைத்திருந்தாள். படம் எடுக்கிற பொறுப்பை மட்டும் அவளிடம் திருப்பிக் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. தன் சொந்தப் பக்கத்தையும் மூடிவிட்டாள்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு மத்தியானம், பிள்ளைகள் படுத்திருந்த நேரம் கைபேசி அதிர்ந்தது. தெரியாத இலக்கம். கிளடிஸ் ஜக்கெற்றுகள் தொங்குகிற சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"அக்கா."

கிளடிஸ் சுவரோடு அப்படியே சரிந்து இருந்தாள்.

"கிறிஸ்ரினா. எங்கை நிக்கிறாய்?"

"முகாமிலை. ஒரு ஆளின்ரை போன், ஒளிச்சு வைச்சிருக்கிறார். கெதியாய்க் குடுக்கவேணும். என்ரை மனுசன் உயிரோடை இருக்கிறார் அக்கா, கை ஒண்டு ஏலாது."

பிள்ளையைப் பற்றிக் கிளடிஸ் கேட்கவில்லை. கிறிஸ்ரினா தானே சொன்னாள்.

"தம்பி இல்லை."

ஜக்கெற் ஒன்றின் கை கிளடிஸின் முகத்தில் உரசியது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்ப?"

"அந்தக் கடைசிக் கிழமை. பங்கருக்குள்ளைதான்." கிறிஸ்ரினாவின் குரல் அழுகிற குரலாக இல்லை, களைத்துப்போன குரலாக இருந்தது. "அக்கா, நீங்கள் எல்லாரும் அங்கை பெரிய றோட்டை மறிச்சுக்கொண்டு இருந்தனீங்களாமே. உண்மையே?"

"ஓம். நானும் போனனான். லக்சிகாவும் வந்தவள்."

"றேடியோவிலை சொன்னவங்கள். பங்கர் முழுக்கக் கேட்டது. சனம் கைதட்டினது அக்கா, அதுக்குள்ளை இருந்து." அவள் மூச்சு எடுத்தாள். "அண்டைக்கு நாங்கள் வெளிக்கிட்டு நிண்டனாங்கள், கடலேரியாலை ஆமிப் பக்கம் கடப்பமெண்டு. தண்ணி கழுத்தளவு. அவர்தான் சொன்னவர், கனடாவிலை இவ்வளவு சனம் றோட்டிலை இறங்கியிருக்கு, இனி ரெண்டு நாளிலை ஆரும் வந்து நிப்பாட்டுவாங்கள், பிள்ளையோடை உந்தத் தண்ணிக்குள்ளை இறங்கவேண்டாம், பொறுப்பம் எண்டு. சரியெண்டு இருந்தனாங்கள்."

கிளடிஸ் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"உங்களுக்குச் சொல்லவேணுமெண்டு நினைச்சனான்," என்றாள் கிறிஸ்ரினா. "எங்களுக்காக ஆக்கள் நிக்கினம் எண்டு அவனுக்குச் சொன்னனான் அக்கா. பெரியம்மா நிக்கிறா எண்டு சொன்னனான். நீங்கள் போனது எனக்குத் தெரியாது, சும்மாதான் சொன்னனான். போனனீங்கள்தானே."

"கிறிஸ்ரினா..."

"குடுக்கச் சொல்லீனம். வைக்கிறன்."

அவள் குற்றம் சாட்டவில்லை. அதுதான் கிளடிஸுக்கு விளங்கியது. நன்றி சொல்லத்தான் எடுத்திருக்கிறாள். கிளடிஸ் அந்த அறைக்குள் எவ்வளவு நேரம் இருந்தாளோ தெரியாது. ஜோய்ஸ் வந்து கதவைத் திறந்தாள், அவளைக் கண்டாள், ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தாள். உள்ளே பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழும்புகிற சத்தம் கேட்டது. சப்பாத்துப் போட்டுவிட ஆள் வேண்டும். கிளடிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

பின்னேரம் சச்சியிடம் சொன்னாள். பிள்ளை போனதைச் சொன்னாள், மைத்துனரின் கையைச் சொன்னாள், முகாமைச் சொன்னாள். றேடியோவைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தாள், சச்சி அழுதுகொண்டிருந்தான், விட்டுவிட்டாள்.

அவன் போய் மங்கை அக்காவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அந்த மன்னிப்புக்குப் பிறகு அத்தனை நாளும் வாசலைத் தாண்டி வராதவள் அன்று உள்ளே வந்தாள். அவளுடைய சகோதரன் வீட்டில் ஒருவரைப் பற்றியும் இன்னும் தகவல் இல்லை. வந்து கிளடிஸின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கன நேரம் இருந்தாள்.

"அண்டைக்கு நான் சொன்னதை மனசிலை வைக்காதையும்," என்றாள். "என்னாலை தாங்கேலாமல் சொல்லிப்போட்டன்."

"பரவாயில்லை அக்கா."

"நாங்கள் செய்யக்கூடியதைச் செய்தனாங்கள், கிளடிஸ். றோட்டிலை இறங்கினம். குளிருக்கை நிண்டம். அண்டைக்கு அந்த ஹைவேயிலை ஏறாமல் விட்டிருந்தா, இண்டைக்கு மனம் ஆறுமே?"

கிளடிஸ் அவள் முகத்தைப் பார்த்தாள். அழுது வீங்கிய கண், கட்டிப்போய் இன்னும் திரும்பாத குரல். ஹைவேயில் ஏறினோம் என்ற அந்த ஆறுதல் ஒன்றுதான் அவளிடம் மிச்சமாக இருந்தது.

"ஆறாது அக்கா," என்றாள் கிளடிஸ். எழும்பித் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள்.